நாயின் ரத்தத்தில் ஆக்சிஜனேற்ற அழுத்தம்: அளப்பதும் அறிக்கையைப் படிப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கையில் நாயின் கயிற்றையும் மறு கையில் ஆய்வக அறிக்கையையும் பிடித்துக்கொண்டு, "டாக்டர், ஆன்டிஆக்சிடன்ட் குறைவு என்று போட்டிருக்கிறார்கள், என்ன டானிக் கொடுக்கலாம்?" என்று கேட்பவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். அவர்களுக்காகவும், இந்தச் சோதனைகளை முதன்முறையாகச் செய்யப்போகும் கால்நடை மருத்துவ மாணவர்களுக்காகவும் இந்தப் பக்கத்தை எழுதியிருக்கிறேன். கால்நடை ஆய்வகத்தில் ரத்த மாதிரிகளோடு பல ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன். நாயின் வரலாறு தெரியாமல், ரத்தம் எடுத்த விதம் தெரியாமல், அந்தத் தாளிலுள்ள எண்ணை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பதுதான் அங்கே நான் கற்றது. ஏன் முடியாது என்பதைக் கீழே விளக்குகிறேன்.

ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்றால் என்ன?

வேர்க்கடலையை டப்பாவில் போட்டு மாதக்கணக்கில் மறந்துவிட்டால் காறல் வாடை அடிக்கும். கடலையிலுள்ள கொழுப்பை ஆக்சிஜன் மெல்ல மெல்லத் தாக்கியதால் வந்த வாடை அது. நல்லெண்ணெய் அவ்வளவு சீக்கிரம் காறுவதில்லை. எள்ளில் இயற்கையாகவே உள்ள செசமால் போன்ற பொருள்கள் அந்தத் தாக்குதலைத் தடுக்கின்றன. இவைதாம் ஆன்டிஆக்சிடன்ட்.

உயிருள்ள உடலிலும் இதே போராட்டம் ஓயாமல் நடக்கிறது. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்டிரியா ஆக்சிஜனைப் பயன்படுத்தி ஆற்றலை உண்டாக்கும்போது சிறிதளவு ஆக்சிஜன் சூப்பராக்சைடாக மாறிக் கசிகிறது. வெள்ளணுக்கள் கிருமிகளைக் கொல்ல வேண்டுமென்றே இதை உண்டாக்குகின்றன. சூப்பராக்சைடிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு வருகிறது. அது இரும்பைத் தொட்டால் ஹைட்ராக்சில் என்ற மிகக் கொடிய துகள் பிறக்கிறது. கையில் அகப்பட்ட கொழுப்பு, புரதம், மரபணு எல்லாவற்றையும் அது தாக்கும். தாக்கும் படை தற்காப்புப் படையை மிஞ்சிவிடும் நிலையே ஆக்சிஜனேற்ற அழுத்தம். ஜெர்மானிய உயிர்வேதியியலாளர் ஹெல்முட் சீஸ் 1985இல் இந்தச் சொல்லுக்கு வடிவம் கொடுத்தார்.

இது தனி நோய் அல்ல. பல நோய்களுக்குள் ஓடும் ஒரு போக்கு. அறிக்கையில் "ஆக்சிஜனேற்ற அழுத்தம் உள்ளது" என்று இருந்தால் நோய் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்று பொருளல்ல.

எந்த நாய்களுக்கு இதை அளக்கிறார்கள்?

நம் ஊரில் முதலில் சொல்ல வேண்டியது உண்ணிக் காய்ச்சல். அதை உண்டாக்கும் பேபீசியா கிப்சோனி என்ற ரத்த ஒட்டுண்ணியை உலகுக்கு முதலில் விவரித்தவர் பேட்டன். 1910இல், மெட்ராஸ் வேட்டைக் குழுவின் நாய்களுடைய ரத்தத்தில் அதைக் கண்டார். பிறகு நரியின் ரத்தத்திலும் கண்டார். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த ஒட்டுண்ணி இங்கே நாய்களை விட்டபாடில்லை.

பேபீசியா தொற்றிய நாயின் ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்க்கும்போது ஒன்று உறுத்தும். நூறு சிவப்பணுக்களில் இரண்டு மூன்றில்தான் ஒட்டுண்ணி இருக்கும். ஆனால் ஈறு வெளுத்து, நாய் எழுந்து நிற்கவே தடுமாறும். அவ்வளவு சிவப்பணுக்கள் எங்கே போயின? ஒட்டுண்ணி புகாத அணுக்களும் சேர்ந்தே அழிகின்றன. ஆக்சிஜனேற்றத்தால் சவ்வு சிதைந்த அணுக்களை உடலே களைந்துவிடுவது அதற்கு ஒரு காரணம். இந்த நோயில் கொழுப்புச் சிதைவின் அளவுகள் உயர்வதை ஜப்பானிய ஆய்வாளர்கள் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

எர்லிக்கியா (உண்ணி பரப்பும் இன்னொரு தொற்று), பார்வோ (வைரஸ் வயிற்றுப்போக்கு), சொறி, இதயச் செயலிழப்பு, சர்க்கரை நோய், சிறுநீரக நோய், நிணநீர்ப் புற்று, உடல் தன் சிவப்பணுவையே தாக்கும் ரத்தசோகை ஆகியவற்றிலும் இது ஆராயப்பட்டிருக்கிறது. ஈரலில் செம்பு தேங்கும் பெட்லிங்டன் டெரியர் போன்ற இனங்களில் அந்தச் செம்பே சேதத்தைத் தூண்டுகிறது. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை ஆராய்ச்சிக்கான அளவீடுகள். அன்றாட சிகிச்சையை முடிவு செய்ய மருத்துவர் இவற்றை நம்பியிருப்பதில்லை.

ஒரே சோதனையில் தெரிந்துவிடுமா?

தெரியாது. தாக்கும் துகள்கள் இமைக்கும் நேரம்கூட நிற்பதில்லை. அவற்றைக் குழாயில் பிடித்து எண்ண முடியாது. ஆகவே இரண்டு வகைத் தடயங்களைத் தேடுகிறோம். சேதத்தின் எச்சங்கள் ஒரு வகை: கொழுப்பு உடைந்ததன் மிச்சமான மலோன்டையால்டிஹைடு, ஐசோபுரோஸ்டேன், புரதம் கெட்டதைக் காட்டும் கார்பனைல். தற்காப்புப் படையின் பலம் மற்றொரு வகை: சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் முதலிய நொதிகள், குளூட்டாதயோன், வைட்டமின் ஈ, மொத்த ஆன்டிஆக்சிடன்ட் திறன். இரண்டு பக்கத்திலிருந்தும் குறைந்தது ஓர் அளவாவது இருந்தால்தான் அறிக்கையைப் படிக்கவே தொடங்கலாம்.

மலோன்டையால்டிஹைடு சோதனை எப்படி நடக்கிறது? அதை எவ்வளவு நம்பலாம்?

மிக அதிகமாகச் செய்யப்படுவதும் மிக அதிகமாக ஏமாற்றுவதும் இதுதான். உணவுப் பொருள் காறிப்போனதா என்று பார்க்கப் பயன்பட்ட அதே தயோபார்பிட்யூரிக் அமில முறைதான் ரத்தத்துக்கும் வந்தது. சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரில், அமிலத்தையும் இந்த வேதிப்பொருளையும் சேர்த்து, ஏறக்குறைய கொதிநிலையில் உள்ள நீர்த்தொட்டியில் குழாய்களை நிறுத்துகிறோம். முக்கால் மணி, ஒரு மணி நேரம் கழித்து எடுத்தால் நிறமற்று இருந்த குழாயில் ரோஜா இதழின் இளஞ்சிவப்பு தெரியும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு எச்சம். 532 நானோமீட்டர் அலைநீளத்தில் அதை அளக்கிறோம்.

சிக்கல் என்னவென்றால், அந்த நிறம் மலோன்டையால்டிஹைடுக்கு மட்டும் சொந்தமில்லை. சில சர்க்கரைகளும் சயாலிக் அமிலமும் பிற ஆல்டிஹைடுகளும் அந்த வேதிப்பொருளோடு வினைபுரியும். மஞ்சள் காமாலையில் கூடும் பிலிரூபின் என்ற நிறமியும் ஹீமோகுளோபினும் அளவைக் குழப்பும். போதாக்குறைக்கு, சூடாக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் குழாய்க்குள்ளேயே புதிதாகக் கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடையும். நாயின் உடலில் நடந்த சேதத்தை அளக்கிறோமா, நம் நீர்த்தொட்டியில் நடந்த சேதத்தை அளக்கிறோமா என்பதே தெரியாமல் போய்விடும். இதைத் தடுக்க பியூட்டைலேட்டட் ஹைட்ராக்சி டொலுவீன் என்ற பொருளை முன்கூட்டியே சேர்க்க வேண்டும். நிறப்பொருளை எச்.பி.எல்.சி. கருவியில் பிரித்து அளந்தால் நம்பகம் கூடும். அறிக்கையில் எந்த முறை என்று போடாமல் "எம்.டி.ஏ." (மலோன்டையால்டிஹைடின் சுருக்கம்) என்று மட்டும் இருந்தால், ஆய்வகத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை.

ஐசோபுரோஸ்டேன்தான் சிறந்தது என்கிறார்களே?

கொழுப்புச் சேதத்தை அளப்பதற்கு, ஆம். எஃப்2-ஐசோபுரோஸ்டேன்கள் உடலில் உண்டாவதை 1990இல் மாரோவும் ராபர்ட்சும் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் காட்டினார்கள். செல்சவ்விலுள்ள அராக்கிடோனிக் அமிலத்தைத் துகள்கள் தாக்கும்போது, பெரும்பாலும் நொதியின் உதவியில்லாமலே இவை பிறக்கின்றன. அதனால் தடயம் தெளிவானது. சிறுநீரிலும் அளக்கலாம் என்பதால் நாயை ஊசியால் குத்த வேண்டியதும் இல்லை. சிறுநீரின் அடர்த்தி நாளுக்கு நாள் மாறுவதால் கிரியேட்டினினோடு ஒப்பிட்டுச் சொல்வார்கள்.

ஆனால் நிறை நிறமாலைக் கருவி வேண்டும், செலவு அதிகம். ரத்தத்தில் அளப்பதானால் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. சாதாரண உறைபெட்டியின் மைனஸ் 20 டிகிரியில் வைத்தாலும் பிளாஸ்மாவில் புதிய ஐசோபுரோஸ்டேன் உண்டாகிக்கொண்டே இருக்கும். மைனஸ் 70 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும்.

நொதிகளைச் சிவப்பணுவில் அளப்பது ஏன்?

ஆக்சிஜனைச் சுமந்துகொண்டே திரியும் சிவப்பணுவுக்குத்தான் ஆபத்து அதிகம். அதனிடம் உட்கரு இல்லை. கெட்டுப்போன புரதத்துக்குப் பதில் புதிதாகச் செய்துகொள்ள முடியாது. எலும்பு மஜ்ஜையிலிருந்து புறப்படும்போது கட்டிக்கொண்டு வந்த சோற்றை வைத்தே ஏறக்குறைய 110 நாள் ஆயுளையும் ஓட்ட வேண்டும். அந்தக் கட்டுச்சோறுதான் இந்த நொதிகள்.

சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் செய்யும் வேலையை 1969இல் மெக்கார்டும் ஃபிரிடோவிச்சும் கண்டறிந்தார்கள். குளூட்டாதயோன் பெராக்சிடேஸை 1957இல் மில்ஸ் கண்டார். அதன் மையத்தில் செலினியம் இருப்பது 1973இல் தெரியவந்தது. ஆகவே இந்த நொதியின் அளவு நாயின் செலினிய நிலையையும் மறைமுகமாகச் சொல்லும்.

இங்கே மாணவர்கள் தவறாமல் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. நாயின் மண்ணீரல் சிவப்பணுக்களைச் சேமித்து வைக்கும் கிடங்கு. ரத்தம் எடுக்கும்போது நாய் பயந்து திமிறினால் மண்ணீரல் சுருங்கி அந்தச் சேமிப்பை ரத்த ஓட்டத்தில் கொட்டிவிடும். சில நிமிடங்களில் ஒரு மி.லி. ரத்தத்திலுள்ள சிவப்பணுக்களின் எண்ணிக்கை கூடிவிடும், நொதியும் கூடியதுபோலத் தோன்றும். ரத்தசோகை உள்ள நாயில் இதற்கு நேர்மாறு. அதனால் முடிவை ஒரு மி.லி. ரத்தத்துக்கு இவ்வளவு என்று சொல்லாமல், ஒரு கிராம் ஹீமோகுளோபினுக்கு இவ்வளவு என்று சொல்ல வேண்டும். அப்படி இல்லாத அறிக்கைகளை வைத்து இரண்டு நாய்களை ஒப்பிடாதீர்கள்.

நொதி கூடினால் நல்லதா, குறைந்தால் நல்லதா?

நேரான பதில் கிடையாது. கரையோரம் வெள்ளம் ஏறும்போது ஊரார் மணல் மூட்டைகளைக் கூடுதலாக அடுக்குவார்கள். மூட்டை அதிகம் இருப்பதைப் பார்த்து ஊர் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியுமா? நோயின் தொடக்கத்தில் உடல் ஈடுகொடுக்கும்போது நொதிகள் கூடலாம். நீண்டு இழுத்த நோயில் தேய்ந்து குறையலாம். ரத்தசோகையிலிருந்து தேறும் நாயில் இளம் சிவப்பணுக்கள் நிறைய வரும். அவற்றில் நொதிகள் புதிதாக, அதிகமாக இருக்கும். அங்கே ஏற்றம் என்பது மஜ்ஜை வேலை செய்வதன் அடையாளமே தவிர வேறில்லை. சேதத்தின் எச்சம் என்ன சொல்கிறது, ரெட்டிகுலோசைட் (இளம் சிவப்பணு) எண்ணிக்கை என்ன, நோய் எத்தனை நாளாக இருக்கிறது என்று சேர்த்துப் பார்த்தால்தான் பொருள் விளங்கும்.

'மொத்த ஆன்டிஆக்சிடன்ட் திறன்' மனிதருடையதைவிட என் நாய்க்கு மிகக் குறைவாக இருக்கிறது. ஆபத்தா?

இல்லை. நிம்மதியாக இருங்கள்.

மனிதர்களுக்கும் பெருங்குரங்குகளுக்கும் யூரிக் அமிலத்தை உடைக்கும் யூரிகேஸ் நொதி பரிணாமத்தில் தொலைந்துபோனது. அதனால் நம் ரத்தத்தில் யூரிக் அமிலம் ஒரு டெசிலிட்டருக்கு 3 முதல் 7 மி.கி. வரை தேங்கி நிற்கிறது. நாயின் ஈரலில் அந்த நொதி இருக்கிறது. யூரிக் அமிலத்தை அலன்டாயினாக மாற்றிச் சிறுநீரில் தள்ளிவிடும். பெரும்பாலான நாய்களின் ரத்தத்தில் 1 மி.கி.க்கும் குறைவாகவே இருக்கும்.

மொத்தத் திறனை அளக்கும் புகழ்பெற்ற முறைகளில் ஒன்று பென்சியும் ஸ்ட்ரெய்னும் 1996இல் வெளியிட்ட 'ஃபிராப்'. இரும்பு ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறும்போது நீல நிறம் வரும், அதை 593 நானோமீட்டரில் அளப்பார்கள். மனித பிளாஸ்மாவில் இந்தச் சோதனை காட்டும் திறனில் ஏறக்குறைய 60 சதவீதம் யூரிக் அமிலத்தின் பங்கு. அந்தப் பங்கு நாயிடம் இல்லை. எண் சிறிதாகத்தானே இருக்கும்? அதைக் குறைபாடு என்று சொல்வது தவறு.

இதற்குள்ளேயே ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. புள்ளிபோட்ட டால்மேஷன் நாய்களில் யூரிக் அமிலத்தைக் கடத்தும் ஒரு மரபணு பழுதுபட்டிருக்கிறது. 2008இல் அந்த மரபணு அடையாளம் காணப்பட்டது. அவற்றின் ரத்தத்தில் யூரிக் அமிலம் மற்ற நாய்களைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே டால்மேஷனுக்கும் சிப்பிப்பாறைக்கும் ஒரே அளவுகோலைப் போடக்கூடாது. டால்மேஷனின் எண் உயர்ந்திருப்பதைப் பார்த்து அதன் உடல் வலுவானது என்று மகிழவும் வேண்டாம். அதே யூரிக் அமிலம்தான் அதன் சிறுநீர்ப்பையில் கல்லாகிறது.

இன்னொரு பொறி மஞ்சள் காமாலை. பிலிரூபினும் ஓர் ஆன்டிஆக்சிடன்ட். பேபீசியாவால் ரத்தம் உடைந்து, கண்ணின் வெண்பகுதி மஞ்சளித்துக் கிடக்கும் நாயின் சீரத்தை இந்தச் சோதனையில் வைத்தால் திறன் 'நன்றாக' இருப்பதாகக் காட்டலாம். அறிக்கை நன்றாக இருக்கும், நாய் படுத்த படுக்கையாகக் கிடக்கும். ஆல்புமின் குறைந்த நாயிலோ, சேதம் பெரிதாக இல்லாவிட்டாலும் எண் இறங்கலாம். ஆகவே மொத்தத் திறனைக் கேட்கும்போது யூரிக் அமிலம், பிலிரூபின், ஆல்புமின் மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். இன்னொன்று: சிவப்பணுவின் முதன்மைக் காவலனான குளூட்டாதயோனை 'ஃபிராப்' கண்டுகொள்வதே இல்லை. 'மொத்த' என்ற பெயர் அதற்குப் பொருந்தாது என்றே நான் நினைக்கிறேன்.

'காரட்டெல்லி அலகு' என்று ஒன்று இருக்கிறதே?

ரத்தத்திலுள்ள ஹைட்ரோபெராக்சைடுகளைக் கணக்கிடும் டி-ராம்ஸ் என்ற இத்தாலிய முறையின் அலகு அது. ஓர் அலகு, ஒரு டெசிலிட்டருக்கு 0.08 மி.கி. ஹைட்ரஜன் பெராக்சைடுக்குச் சமம். மனிதர்களுக்கான 250–300 என்ற வரம்பை நாய்க்குப் போடாதீர்கள். நாயின் அளவுகள் அதைவிட மிகவும் தாழ்ந்தவை. செருலோபிளாஸ்மின் என்ற செம்புப் புரதம் இந்த எண்ணை உயர்த்திக் காட்டும் என்ற விமர்சனமும் உண்டு. அழற்சியில் அந்தப் புரதம் தானாகவே கூடும் என்பதால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

ரத்தம் எடுக்கும் முன் நான் என்ன செய்ய வேண்டும்?

முந்தைய இரவு உணவோடு நிறுத்திவிடுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் தண்ணீர் மட்டும் போதும். குட்டிகளுக்கும் சர்க்கரை நோய் உள்ள நாய்களுக்கும் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி போட வேண்டாம். சாப்பிட்ட நாயின் சீரம் பால் கலந்ததுபோல் வெளுத்திருக்கும், ஒளியை வைத்து அளக்கும் எல்லாச் சோதனைகளையும் அது கெடுத்துவிடும். முந்தைய நாள் கடற்கரையில் ஓடவிட வேண்டாம். கடும் ஓட்டமே இந்த அளவுகளை மாற்றும். கொடுத்துவரும் மீன் எண்ணெய், மல்டிவைட்டமின், ஈரல் டானிக், நாட்டு மருந்து அனைத்தின் பட்டியலையும் எழுதிக் கொடுங்கள். "அது வெறும் சத்து மருந்துதானே" என்று விட்டுவிடாதீர்கள். இந்தச் சோதனையின் முடிவை மாற்றக்கூடியவையே அவைதாம்.

வாசலில் மற்ற நாய்கள் குரைத்துக்கொண்டிருந்தால் உங்கள் நாயை வெளியே நிழலில் வைத்துக்கொண்டு காத்திருங்கள். மண்ணீரல் கதையை மேலே சொல்லியிருக்கிறேன்.

மாதிரியை எடுப்பதிலும் அனுப்புவதிலும் கவனிக்க வேண்டியது என்ன?

மாணவர்களும் பயிற்சி மருத்துவர்களும் இதை நிதானமாகப் படிக்க வேண்டும். தவறுகளில் பெரும்பங்கு கருவியில் நேர்வதில்லை, குழாய் கருவிக்கு வருமுன்பே நேர்ந்துவிடுகிறது.

மே மாத மதியம் ஒன்றில், வேறு ஊரிலிருந்து பஸ்ஸில் வந்த மாதிரிகளைப் பிரித்தேன். பனிக்கட்டிப் பை முழுக்கத் தண்ணீராகியிருந்தது. குழாய்களின் மேல்தட்டு இளமஞ்சளாக இருக்க வேண்டிய இடத்தில் மாதுளைச் சாறுபோலச் சிவந்திருந்தது. எட்டில் ஆறு குழாய்கள் அப்படி. சிவப்பணு உடைந்தால் அதனுள்ளிருக்கும் நொதிகள், இரும்பு, ஹீமோகுளோபின் எல்லாம் சீரத்தில் கலந்துவிடும், அதற்குப் பிறகு எந்த அளவும் நாயினுடையதல்ல. ஆறையும் எறிந்துவிட்டு, மீண்டும் ரத்தம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஆறு நாய்களுக்கு இரண்டாவது முறை ஊசி. அன்று எனக்கு மனம் மிகவும் கனத்தது.

அதனால் சொல்கிறேன். மிக மெல்லிய ஊசியால் இழுத்து உறிஞ்சாதீர்கள். நடுத்தர, பெரிய நாய்களுக்குக் கழுத்து நரம்பிலிருந்து எடுப்பது நல்லது. ரத்தம் தடையின்றி வரும். சிரிஞ்சிலிருந்து குழாய்க்கு மாற்றும்போது ஊசியைக் கழற்றிவிட்டு, குழாயின் சுவரோரமாக வழியவிடுங்கள். குலுக்காமல் மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள்.

எந்தக் குழாய் என்பது சோதனையைப் பொறுத்தது. சிவப்பணு நொதிகளுக்கு ஹெப்பாரின் போட்ட பச்சை மூடிக் குழாய் வசதி. ஊதா மூடி எடிடிஏ குழாய் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. எடிடிஏ உலோகங்களைப் பிடித்துக்கொள்ளும். கால்சியத்தை நம்பி வேலை செய்யும் பாராக்சோனேஸ்-1 நொதி அதில் முடங்கிப்போகும். இரும்பை நம்பியிருக்கும் டி-ராம்ஸ் சோதனையும் கெடும். ஆய்வகத்திடம் கேட்டுவிட்டுக் குழாயை எடுங்கள்.

ஒரு மணி நேரத்துக்குள் குளிர் சுழற்பியில் பிரித்துவிடுங்கள். சிவப்பணுக்களைக் குளிர்ந்த உப்புநீரில் கழுவி, குளிர்ந்த காய்ச்சி வடித்த நீரில் உடைத்து, சிறு சிறு பங்குகளாக மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஒரே குழாயைத் திரும்பத் திரும்ப உருக்கி உறையவைக்காதீர்கள். வைட்டமின் ஈ அளப்பதானால் குழாயை அலுமினியத் தாளால் சுற்றுங்கள், வெளிச்சம் அதைக் கெடுக்கும்.

குளூட்டாதயோனுக்கு இந்த ஒரு மணி நேரமும் கிடையாது. எடுத்த கணத்திலிருந்தே அது குழாய்க்குள் ஆக்சிஜனேற்றமடையத் தொடங்கும். நாயின் பக்கத்திலேயே அமிலத்தில் புரதத்தைப் படியவைத்துவிட வேண்டும். ஆக்சிஜனேற்றமடைந்த குளூட்டாதயோனையும் தனியாக அளப்பதானால், எத்தில்மாலிமைடு சேர்த்து மிச்சமுள்ளதை உடனே பூட்டிவிட வேண்டும். இதற்கு வசதியில்லையென்றால் அந்தச் சோதனையையே விட்டுவிடுங்கள். தவறான எண்ணைவிட எண் இல்லாதது மேல்.

இயல்பு அளவு என்ன?

எல்லா ஆய்வகத்துக்கும் பொதுவான ஓர் எண் இல்லை. முறை மாறினால் அலகும் மாறும், அளவும் மாறும். ஒரு முறைக்கான இயல்பு வரம்பை முறையாக நிறுவ, நல்ல ஆரோக்கியமுள்ள 120 விலங்குகளாவது இருப்பது நல்லது என்பது கால்நடை நோயியல் துறையின் வழிகாட்டுதல். வயது, இனம், உணவு எல்லாம் அதில் கலந்து வர வேண்டும். உங்கள் அறிக்கையில் "இயல்பு வரம்பு" என்று அச்சிட்டிருப்பது நாய்களிலிருந்து பெறப்பட்டதா, மனிதருக்கான சோதனைப் பெட்டியின் தாளிலிருந்து அப்படியே எடுத்ததா என்று கேளுங்கள். நோயுள்ள நாயின் முதல் அளவையும், சிகிச்சைக்குப் பின் அதே ஆய்வகத்தில் அதே முறையில் எடுத்த இரண்டாம் அளவையும் ஒப்பிடுவதையே நான் அதிகம் நம்புகிறேன்.

என் நாய் வெங்காயச் சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டது. இந்தச் சோதனை எடுக்கவா?

வேண்டாம். அதற்குக் காத்திருக்கவும் வேண்டாம். உடனே மருத்துவரிடம் போங்கள்.

வெங்காயம், சின்ன வெங்காயம், பூண்டு எல்லாவற்றிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனேற்றம் செய்கின்றன. வேகவைத்தாலும் வறுத்தாலும் அந்த நஞ்சு போவதில்லை. நாயின் எடையில் ஒரு கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் பச்சை வெங்காயம் உள்ளே போனால் ரத்தத்தில் மாற்றம் தெரியும் என்பது அறியப்பட்ட கணக்கு. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குழம்புச் சோறு போடும் வீடுகளிலும் இது சேர்ந்து தாக்கும். அகிடா, ஷிபா போன்ற ஜப்பானிய இனங்களில் சிவப்பணுவில் குளூட்டாதயோனும் பொட்டாசியமும் பரம்பரையாக அதிகமுள்ள நாய்கள் உண்டு. குளூட்டாதயோன் அதிகம் என்பதால் அவை தப்பிக்கும் என்று நினைப்பீர்கள். உண்மையில் வெங்காயம் அவற்றை இன்னும் கடுமையாகத் தாக்குகிறது.

இங்கே தேவைப்படுவது பழைய, மலிவான ஒரு சோதனை. ஒரு சொட்டு ரத்தத்தை நியூ மெத்திலீன் நீலத்தில் கலந்து கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தால், வெளிறிய சிவப்பணுவின் ஓரத்தில் கருநீலப் புள்ளி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். சில அணுக்களில் அது விளிம்பைத் தாண்டி மொட்டுபோலத் துருத்தி நிற்கும். கெட்டுப்போன ஹீமோகுளோபின் திரண்டு உண்டான இந்தப் புள்ளிக்கு, அதை 1890இல் விவரித்தவரின் பெயரால் ஹைன்ஸ் உடல் என்று பெயர். ஓரிரு நாளில் தோன்றி மூன்றாம் நாள்வாக்கில் மிகும். ஆக்சிஜனேற்றச் சேதத்தைக் கண்ணால் பார்க்க இதைவிட நேரான வழி எனக்குத் தெரியாது. விலையுயர்ந்த பெட்டி எதுவும் வேண்டாம், ஒரு நுண்ணோக்கி போதும்.

காய்ச்சலுக்கு பாராசிட்டமால் கொடுத்தேன். அதுவும் இதுபோலத்தானா?

ஆம். ஈரலில் குளூட்டாதயோனைக் கரைத்துவிடும். அளவு மிஞ்சினால் ரத்தம் பழுப்பேறி, ஈறு சாக்லேட் நிறத்துக்குப் போகும். பூனைக்கு ஒரு மாத்திரையே உயிரைப் பறிக்கும். மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டைன் குளூட்டாதயோனை மீண்டும் உண்டாக்க உதவுகிறது, எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. மருத்துவர் சொல்லாமல் வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து எதையும் எடுத்துக் கொடுக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

அளவு குறைவாக இருந்தால் வைட்டமின் சி, ஈ கொடுக்கலாமா?

நாய் தன் ஈரலில் குளுக்கோஸிலிருந்து வைட்டமின் சி-யைத் தானே செய்துகொள்கிறது. நமக்கும் கினிப் பன்றிக்கும் இல்லாத வசதி அது. ஆரோக்கியமான நாய்க்கு நெல்லிக்காய்ப் பொடியோ சி மாத்திரையோ தேவையில்லை.

வைட்டமின் ஈ கதை வேறு. அலாஸ்காவில் ஏறக்குறைய 1,600 கி.மீ. ஓடும் இடிடராட் பனிச்சறுக்கு வண்டிப் பந்தய நாய்களை ஆராய்ந்தபோது, பந்தயத்துக்கு முன் ரத்தத்தில் வைட்டமின் ஈ அதிகம் இருந்த நாய்கள் பந்தயத்தை முடிக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. ஆனால் ஆன்டிஆக்சிடன்ட் கலவையைக் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தபோது தசைச் சேதம் குறையவில்லை. ரத்தத்தில் இயல்பாக அதிகம் இருப்பதும் நாம் ஊட்டி ஏற்றுவதும் ஒன்றல்ல.

நம்பிக்கை தரும் ஆய்வும் இருக்கிறது. அமெரிக்க, கனடிய ஆய்வாளர்கள் முதிய பீகிள் நாய்களுக்கு ஆன்டிஆக்சிடன்ட் செறிந்த உணவை இரண்டாண்டுகளுக்கும் மேலாகக் கொடுத்துவந்தார்கள். சில நாய்களுக்கு விளையாட்டுப் பொருள், கூடத் தங்கும் துணை நாய், உடற்பயிற்சி, கற்றல் பயிற்சி ஆகியவற்றையும் கொடுத்தார்கள். உணவு மட்டும் பெற்றவையும் பயிற்சி மட்டும் பெற்றவையும் தேறின. இரண்டையும் பெற்ற நாய்கள்தாம் கற்பதில் எல்லாவற்றையும் மிஞ்சின. வயதான நாய்க்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தவிப்பவர்களுக்கு இதையே சொல்கிறேன்: நல்ல உணவோடு தினமும் அதனுடன் அரை மணி நேரம் செலவிடுங்கள்.

அளவு மிஞ்சிய வைட்டமின் ஈ, வைட்டமின் கே-யின் வேலையைக் கெடுத்து ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். செலினியத்தில் தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. உண்ணிக் காய்ச்சல் வந்த நாய்க்கு ஒட்டுண்ணியைக் கொல்லும் மருந்துதான் முதல் ஆன்டிஆக்சிடன்ட். சேதத்தின் ஊற்றை அடைக்காமல் டானிக் ஊற்றுவதில் பயனில்லை.

ஆண்டுதோறும் எடுக்க வேண்டிய சோதனையா இது?

இல்லை. அந்தப் பணத்தில் முழு ரத்த அணு எண்ணிக்கை, ரத்தத் தடவல், ஈரல், சிறுநீரகச் சோதனைகளைச் செய்து, மிச்சத்துக்கு உண்ணித் தடுப்பு மருந்து வாங்குங்கள்.

சிகிச்சைக்குப் பிறகு மீண்டும் எப்போது அளப்பது?

எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. பிளாஸ்மாவிலுள்ள கொழுப்புச் சிதைவின் எச்சங்கள் சில நாள்களிலேயே மாறும். காய்ச்சல் விட்டு, நாய் ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கி ஒன்றிரண்டு வாரம் கழித்து எடுத்தால் போதும். சிவப்பணுவின் குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் அப்படியல்ல. அந்த நொதி மஜ்ஜையில் அணு உருவாகும்போதே உள்ளே வைக்கப்படுகிறது. இன்று செலினியம் கொடுத்தால் இன்று பிறக்கும் அணுக்களில்தான் அது சேரும், பழைய அணுக்கள் பழைய இருப்போடு இன்னும் மூன்று மாதம் சுற்றிக்கொண்டிருக்கும். பத்தாம் நாளே எடுத்துப் பார்த்து "மருந்து வேலை செய்யவில்லை" என்று நிறுத்தியவர்கள் உண்டு. மூன்று மாதமாவது பொறுத்து, அதே ஆய்வகத்தில், அதே நேரத்தில், அதேபோல வெறும் வயிற்றில் எடுங்கள். முதல் அறிக்கையைத் தவறாமல் கையோடு கொண்டு போங்கள்.